ஹிமாலயன் 411-க்கு பவர்: போர் கிட்டா, ரீமேப்பா, ஸ்ப்ராக்கெட்டா?

சேலத்திலிருந்து தருமபுரி திரும்பும்போது, பின்னால் ஆளும் இரண்டு பக்கமும் பையும் இருந்தால், தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411 பைக் திணறும். 24.3 குதிரைத்திறனும் 32 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சுழற்றும் விசை)தான் அதன் இருப்பு. வண்டி எடையோ 190 கிலோவுக்கு மேல். காசு செலவழிக்கும் முன் ஏர் ஃபில்டர், வால்வு இடைவெளி, கிளட்ச் மூன்றையும் பார்த்துவிடுங்கள். அவை சரியாக இருந்தும் போதவில்லை என்றால்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

பலருக்கும் முதலில் ஆசை வருவது போர் கிட் மேல், அதாவது சிலிண்டரை அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவது. இந்த இன்ஜினின் போர் (சிலிண்டரின் விட்டம்) 78 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 86. போரை 82 ஆக்கினால் 411 சிசி ஏறக்குறைய 454 ஆகிவிடும். டார்க் நிஜமாகவே கூடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பிஸ்டன் தலையும் ஹெட்டும் பழைய அளவிலேயே இருந்தால், 9.5 ஆக இருந்த கம்ப்ரஷன் (பெட்ரோல் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற விகிதம்) 10.4 வரை போகும். மே மாத வெயிலில், ஓசூருக்குள் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகும்போது, காற்றையும் ஆயிலையும் நம்பிக் குளிரும் இன்ஜின் நாக்கிங் (கலவை தானாகவே வெடித்து இன்ஜினைத் தட்டுவது) அடிக்கும் அபாயம் கூடும். ஊசி முறையில் பெட்ரோல் பாயும் வண்டியில் மேப்பையும் (எவ்வளவு பெட்ரோல் பாய வேண்டும் என்று இன்ஜின் கணினி பார்க்கும் அட்டவணை) மாற்றியே ஆக வேண்டும். இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அஞ்செட்டி தாண்டி பிஸ்டன் ரிங் உடைந்தால், அந்த அளவு ரிங் எந்தக் கடையில் கிடைக்கும்? டூரிங் வண்டிக்கு இந்தக் கேள்விதான் முக்கியம். சிசி மாறினால் ஆர்சி புக்கோடு ஒத்துப்போகாது. பதிவு விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் குறுக்கே வரும், இன்சூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகும்.

வேறு சைலன்சர், ரீமேப் (மேப்பை மட்டும் மாற்றுவது) ஜோடியில் ஒன்றிரண்டு குதிரைத்திறன் கூடினாலே பெரிது. த்ராட்டில் திருகும்போது இழுவை சீராகும், அது நல்ல விஷயம்தான். சத்தம் மட்டும் வேண்டாம். அஞ்செட்டி, ஒகேனக்கல் காட்டுச் சாலையில் யானை கடக்கும்.

நான் முதலில் கை வைக்கச் சொல்வது முன் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயினை இழுக்கும் பல்சக்கரத்தில். 15 பல்லுக்குப் பதில் 14 போட்டால் இன்ஜின் பவர் கொஞ்சமும் கூடாது. ஆனால் பின்சக்கரத்தில் இழுவை 7 சதவீதம் கூடும். பென்னாகரம் மலைப்பாதையில் கியரைக் குறைக்க வேண்டிய இடங்கள் குறையும், இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும். செலவு சொற்பம், பிடிக்காவிட்டால் பழையதையே மாட்டிக்கொள்ளலாம். குறை நெடுஞ்சாலையில் தெரியும்: முன்பு இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் போன வேகத்துக்கு இப்போது சுமார் 5,360 வேண்டும். அதிர்வும் கூடும், மைலேஜும் கொஞ்சம் அடிபடும்.

அதனால் கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு, சென்னை என்று நாற்கரச் சாலையிலேயே அதிகம் ஓட்டுபவர் 15 பல்லைத் தொட வேண்டாம். அவருக்கு நிஜமாகவே பவர் வேண்டுமென்றால், போர் கிட்டுக்கு எடுத்து வைத்த பணத்தோடு 411-ஐ விற்ற பணத்தையும் சேர்த்து, 2023-இல் வந்த ஹிமாலயன் 450-ஐப் பார்க்கட்டும். 452 சிசி, சுமார் 40 குதிரைத்திறன், தண்ணீரில் குளிரும் இன்ஜின், ஆறு கியர்.