சென்னை–யாழ்ப்பாணம் விமானம்: 355 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரமா?

சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு நேர்க்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். தூரம் காட்டும் தளங்களில் ஒன்று 354 என்கிறது, இன்னொன்று 356 என்கிறது. பூமியை முழு உருண்டையாக வைத்துக் கணக்குப் போட்டால் 356, துருவங்களில் தட்டையானது என்று வைத்தால் 354. அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 191 என்று பார்த்தால் அது கடல் மைல், 220 என்றால் சாதாரண மைல்.

கோட்டை விடுவது நேரத்தில்தான். பல தளங்கள் எல்லா விமானத்தையும் ஜெட் என்றே எடுத்துக்கொள்கின்றன. மணிக்கு 800 கி.மீ. என்றால் 27 நிமிடம், ஏற இறங்க அரை மணி, ஆகமொத்தம் 57 நிமிடம் என்று காட்டிவிடும். ஆனால் இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் 72-600, புரொப்பெல்லர் விமானம். வேகம் மணிக்கு 500 கி.மீ.தான். பறக்க மட்டும் 43 நிமிடம். அதோடு மேலேறுவதும் இறங்குவதும், மீனம்பாக்கத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்துபோய் வரிசையில் நிற்பதும் சேர்ந்தால் ஒன்றேகால் மணி. டிக்கெட்டில் இருக்கும் நேரமும் இதுதான். இரண்டு ஊருக்கும் ஒரே கடிகாரம் என்பதால் கழித்துப் பார்த்தாலே சரியாக வரும். சிங்கப்பூருக்கு அப்படிச் செய்தால் இரண்டரை மணி நேரம் கூடுதலாகக் காட்டும்.

ஜெட் விடலாமே என்றால், 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது பலாலியில் சீரமைத்திருந்த ஓடுபாதை 1,400 மீட்டர்தான். அதற்குத் தோதானது ஏடிஆர். அந்த ஆண்டு நவம்பரில் அலையன்ஸ் ஏர் தொடங்கியது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் சேர்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்க சென்னையிலிருந்து சுமார் 645 கி.மீ., கிட்டத்தட்ட இரு மடங்கு தூரம். ஜெட்டில் போவதால் அங்கேயும் ஒன்றரை மணிக்குள் இறங்கிவிடலாம். ஆனால் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில் ஏழெட்டு மணி நேரம். பலாலியிலிருந்து நகரம் சுமார் 18 கி.மீ.தான். மூன்று மணி நேரம் முன்பே மீனம்பாக்கம் போய், இறங்கிய பின் குடிவரவு, பெட்டி, ஆட்டோ எல்லாம் முடித்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் வீட்டு வாசல். டிக்கெட் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், யாழ்ப்பாணம்தான் போகவேண்டுமென்றால் இதையே எடுக்கலாம்.

குறைகளும் உண்டு. ஏடிஆர் 25,000 அடிக்கு மேல் போகாது. ஜெட் தாண்டிப் போகிற மேகத்துக்குள் இது புகுந்து போகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குலுக்கல் நிச்சயம், தாமதமும் நடக்கும். அன்றே வேறு விமானம் பிடிப்பதாக இருந்தால் இடையில் நான்கு மணி நேரமாவது விடுங்கள்.

தலைக்கு மேலுள்ள பெட்டி சிறியது. பெரிய டிராலி ஏறாது. விமானத்தடியில் வாங்கிச் சரக்கறையில் போட்டுவிடுவார்கள். பவர்பேங்கை முன்னதாகவே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சீட் எடுக்கும்போது புரொப்பெல்லருக்கு நேரான வரிசைகளைத் தவிருங்கள், இரைச்சல் அங்கேதான். பின்பாதிதான் நல்லது. ஏடிஆரில் பயணிகள் ஏறி இறங்கும் கதவு வால்பக்கம் இருக்கிறது, முன்பக்கம் சரக்கறை. சீக்கிரம் இறங்கலாம் என்று முதல் வரிசைக்குக் காசு கட்டியவர், பலாலியில் குடிவரவு வரிசையின் கடைசியில் நிற்பார்.