டார்பன் ஸ்பிரிங்ஸில் ஒரு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

ஃபுளோரிடாவின் டாம்பாவில் வீடு இருந்தால் ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்துகொண்டே இருப்பார்கள். டிஸ்னியை ஒரு நாளில் முடித்துவிடுவார்கள், கிளியர்வாட்டர் கடற்கரையை அரை நாளில். அப்புறம் "வேற என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில் டார்பன் ஸ்பிரிங்ஸ். வடக்கே முக்கால் மணி நேரம் கார் ஓட்டினால், மெக்சிகோ வளைகுடாவில் ஆங்க்லோட் ஆறு கலக்கும் இடத்தில் இருக்கும் சின்ன ஊர். மக்கள்தொகை 25,000 சொச்சம். அமெரிக்க ஊர்களிலேயே கிரேக்க வம்சாவளியினரின் விகிதம் மிக அதிகமாக இருப்பது இங்கேதான்.

இதுவரை ஏழெட்டு முறை ஆட்களை அழைத்துப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கார் நிறுத்துமிடத்திலேயே அதே பட்டிமன்றம்தான். சின்னப் படகா, பெரிய படகா? கோயிலா, கடற்கரையா? எங்கே சாப்பிடுவது? ஒரு நாளில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். கடைசியாக என் மாமனார் வந்திருந்தார். தூத்துக்குடிக்காரர், முழங்கால் வலி, சுத்த சைவம். அவரோடு போன அன்றுதான் எதை எடுப்பது, எதை விடுவது என்பது எனக்குத் தெளிவானது.

முதலில், ஃபுளோரிடாவில் கிரேக்கர்கள் எப்படி? எல்லாம் கடற்பஞ்சால் வந்தது, குளிக்கத் தேய்த்துக்கொள்ளும் ஸ்பாஞ்ச்தான். 1890களிலேயே இங்கே பஞ்சு வியாபாரம் இருந்தது. அப்போது கீ வெஸ்ட் பக்கத்துப் படகுக்காரர்கள் அடியில் கண்ணாடி பதித்த வாளியை நீரில் அமிழ்த்திப் பார்த்து, நீளக் கம்பின் நுனியில் இருக்கும் கொக்கியால் பஞ்சைப் பிடுங்குவார்கள். கம்பு எட்டுகிற ஆழம் வரைதான் தொழில். 1905இல் ஜான் கொக்கோரிஸ் என்ற கிரேக்கர் பித்தளைத் தலைக்கவசமும் ரப்பர் உடையும் போட்ட மூழ்காளர்களை இறக்கினார். அதோடு கணக்கே மாறிவிட்டது. கலிம்னோஸ், சிமி, ஹல்கி தீவுகளிலிருந்து நூற்றுக்கணக்கில் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். அந்தத் தீவுக்கூட்டத்தின் பெயர்தான் டோடெக்கனீஸ். படகுத்துறையின் முக்கியச் சாலைக்கும் அதே பெயர்.

அரை மணிப் படகா, தீவுப் படகா?

துறையில் இறங்கியதும் இரண்டு வகைப் படகுகள் கூப்பிடும். ஒன்று, ஆற்றிலேயே அரை மணி நேரம் சுற்றிவிட்டு, பழைய உடை போட்ட ஒருவர் மூழ்கிப் பஞ்சோடு எழுவதைக் காட்டுவது. இன்னொன்று, கடலுக்குள் போய் டால்பின் தேடி, மூன்று மைல் தள்ளியிருக்கும் ஆங்க்லோட் கீ தீவில் இறக்கிவிட்டுத் திரும்பக் கூட்டி வருவது.

அரை மணிப் படகு ஒரு நாடகம்தான், அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. நிஜ அறுவடை வளைகுடாவில் வெகுதூரத்தில் நடக்கிறது, இன்றைய மூழ்காளர்கள் காற்றுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு இலகுவான உடையில் இறங்குகிறார்கள். ஆனால் அந்த நாடகத்தை நான் விடமாட்டேன். ஒரு மனிதன் பலகையில் உட்கார, இன்னொருவர் அவர் கழுத்தைச் சுற்றிப் பித்தளை வளையத்தை மாட்டித் தலைக்கவசத்தைத் திருகுகிறார். அது வரை சிரித்துக்கொண்டிருந்த முகம் ஒரு வட்டக் கண்ணாடிக்குள் போய்விடுகிறது. காலில் ஈயம் பதித்த காலணி. எழுந்து நிற்பதற்கே அவருக்கு இருவர் துணை வேண்டும். தண்ணீரில் விழுந்ததும் குமிழிகள் மட்டும்.

மாமனார் கண்கொட்டாமல் பார்த்தார். "எங்க ஊர்ல முத்துக் குளிக்கிறவங்க கல்லைக் கட்டிக்கிட்டு இறங்குவாங்கன்னு எங்க தாத்தா சொல்வாரு" என்றார். கலிம்னோஸ்காரர்களும் தலைக்கவசம் வருவதற்கு முன்னால் அப்படித்தான். தட்டையான ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி இறங்குவார்கள். கவசம் வந்ததும் ஆழமாகப் போக முடிந்தது, அதிக நேரம் இருக்கவும் முடிந்தது, கூடவே முடக்கமும் வந்தது. ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்தால் இரத்தத்தில் வாயுக் குமிழிகள் உண்டாகிக் கைகால் விழுந்துவிடும். மிகானிகோஸ் என்று கலிம்னோஸில் ஒரு நடனம் உண்டு. வரிசையின் தலைவன் கையில் ஊன்றுகோல், கால் நடுங்க நடுங்க ஆடுவான். முடங்கிப்போன மூழ்காளனின் ஆட்டம் அது. இதைப் படகிலேயே சொன்னேன். மாமனார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஆங்க்லோட் கீ அழகான தீவு, சந்தேகமில்லை. 1887இல் கட்டிய இரும்புக் கலங்கரை விளக்கம், 1984இல் அணைந்து 2003இல் மறுபடி எரிய ஆரம்பித்தது. வெள்ளை மணல், சிப்பிகள், கூட்டம் குறைவு. படகைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் கடை கிடையாது, குடிதண்ணீர் கிடையாது, நிழலும் அதிகமில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மதியத்துக்கு மேல் இடி மின்னல் ஃபுளோரிடாவில் அன்றாட வழக்கம், திறந்த படகில் அது விளையாட்டில்லை. டால்பினுக்கு உத்தரவாதமும் கிடையாது. ஒரு முறை மூன்று மணி நேரம் சுற்றி, டால்பின் வாலைக்கூடப் பார்க்காமல் திரும்பினோம். கப்பல்காரர் மட்டும் கடைசி வரை "அதோ, அதோ" என்று அலைகளைக் காட்டிக்கொண்டிருந்தார். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் கூட இருந்தால் தீவுக்குப் போங்கள். வயதானவர்கள் என்றால் அரை மணிப் படகு போதும், மிச்ச நேரத்தை ஊருக்குள் செலவிடுங்கள்.

பெரிய சாலையும் பின் தெருவும்

டோடெக்கனீஸ் சாலையைப் பார்த்துவிட்டு "ஊரே கடைவீதிதானா?" என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம். அதில் நியாயமும் இருக்கிறது. சோப்பு, தொப்பி, காந்த ஒட்டி, மறுபடி சோப்பு. 1908இல் கட்டிய பழைய பஞ்சு ஏல முற்றம்கூட இப்போது கடைகளாகிவிட்டது. வெயில் ஏறுவதற்கு முன் போனால் வேறு முகம் தெரியும். வேலைப் படகுகள் கட்டியிருக்கும், கயிற்றில் கோத்த பஞ்சுகள் மாலை மாதிரி தொங்கும், அவற்றின் வாடை மூக்கைப் பிடுங்கும். கடற்பஞ்சு ஒரு பிராணி, செடியல்ல. எடுத்ததும் கறுப்பான தோலோடு வழவழவென்று இருக்கும். மேல்தளத்தில் ஈரச் சாக்குக்கு அடியில் அழுகவிட்டு, சுரண்டிக் கழுவினால்தான் நமக்குத் தெரிந்த மஞ்சள் பஞ்சு வரும். அடிப்பகுதியைக் கடலிலேயே விட்டு அறுத்தால் மறுபடி வளரும். 5 அங்குலத்துக்குக் குறைவானதை எடுக்கக்கூடாது என்பது ஃபுளோரிடா சட்டம்.

சாலையிலிருந்து திரும்பி ஏதென்ஸ் தெருவுக்குள் நடந்தால் சத்தம் அடங்கிவிடும். சின்னச் சின்ன மரவீடுகள், எலுமிச்சை மரம், வாசலில் துளசி. கிரேக்கர்களும் வீட்டு வாசலில் தொட்டியில் துளசி வளர்ப்பார்கள், அது நம் துளசிக்கு ஒன்றுவிட்ட தங்கை. காபிக்கடைகளில் தாத்தாக்கள் சீட்டாடுவார்கள். இந்தப் பகுதி முழுவதும் 2014இல் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்ந்தது. பார்ப்பதற்கென்று பலகை வைத்த எதுவும் பெரிதாக இல்லை, ஆனால் இங்கே நடக்க அரை மணி ஒதுக்கவில்லை என்றால் டார்பன் ஸ்பிரிங்ஸைப் பார்த்ததாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடைவீதிக்கு இருபது நிமிஷம் கொடுங்கள், தெருவுக்கு மிச்சம்.

இரண்டு கோயில்கள்

புனித நிக்கோலஸ் கதீட்ரல் எல்லாரும் போகிற இடம். 1943இல் கட்டியது, இஸ்தான்புல்லின் ஹாகியா சோஃபியா சாயலில். உள்ளே போனதும் குளிர்ச்சி, மெழுகு வாசம், வண்ணக் கண்ணாடி. நியூயார்க்கில் 1939இல் நடந்த உலகக் கண்காட்சியில் கிரேக்க அரங்குக்காகக் கொண்டுவந்த பளிங்கு இங்கே இருக்கிறது. முட்டி தெரியும் உடையில் போகாதீர்கள். ஒரு மெழுகுவர்த்தி வாங்கி மணல் தட்டில் ஊன்றிவிட்டு வரலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

இரண்டில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஹோப் தெருவில், வீடுகளுக்கு நடுவே, தலைமை வானதூதர் மிக்கேலுக்கு ஒரு குட்டிக் கோயில். உடம்பு சரியில்லாத மகன் பிழைத்ததற்காக ஒரு தாய் நேர்த்திக்கடனாகக் கட்டியது. மாமனாருக்கு விளக்கம் தேவைப்படவே இல்லை. கண், கால், கை உருவம் பொறித்த உலோகத் தகடுகளைச் சாமி படத்தருகே காணிக்கையாகத் தொங்கவிடும் வழக்கம் கிரேக்கர்களிடமும் உண்டு என்று சொன்னதும், "அப்ப சமயபுரம்தான்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். அங்கே கழற்றத் தேவையில்லை. நானும் கழற்றினேன்.

நேரம் இல்லை, ஒன்றுதான் என்றால்? முதல் முறை வருகிறவருக்குக் கதீட்ரல். ஏற்கெனவே தேவாலயங்கள் பார்த்து அலுத்தவருக்கு ஹோப் தெரு.

சைவக்காரர் என்ன சாப்பிடுவார்?

பெரிய உணவகங்களில் சாப்பாடு நன்றாகவே இருக்கும். கரியில் சுட்ட ஆக்டோபஸ் சாப்பிடுகிறவர்கள் அதற்காகவே இங்கே வருகிறார்கள். பாலாடைக் கட்டியில் பிராந்தியை ஊற்றித் தீக்கொளுத்தி "ஓப்பா!" என்று கத்துவார்களே, சாகனாகி, அது பிள்ளைகளுக்குக் குஷி. கிரேக்க சாலட் கேட்டால் கீரைக்கு அடியில் ஒரு கரண்டி உருளைக்கிழங்கு சாலட் ஒளிந்திருக்கும். அது இந்தப் பகுதிக்கே உரிய பழக்கம்.

சைவம் என்றால் கவனம் வேண்டும். கீரையும் ஃபெட்டா பாலாடைக் கட்டியும் வைத்த ஸ்பானகோபிட்டாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும். திராட்சை இலைச் சுருளில் சில கடைகளில் கறி இருக்கும். எலுமிச்சை சூப் என்று வாயில் வைத்துவிடாதீர்கள், அது கோழிச் சாறும் முட்டையும். தக்காளியில் வேகவைத்த பெரிய மொச்சை, எண்ணெயில் வதக்கிய பீன்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். தவக்காலத்தில் போனால் கறியே படாத பதார்த்தங்கள் கூடுதலாகக் கிடைக்கும்.

என்னைக் கேட்டால் மதியச் சாப்பாட்டை எளிதாக முடித்துக்கொண்டு பணத்தையும் வயிற்றையும் பேக்கரிக்கு மிச்சம் வைப்பதே சரி. பக்லவா ஒன்று, சுடச்சுடப் பொரித்துத் தேனில் போட்ட லுக்குமாதேஸ் ஒரு தட்டு. லுக்குமாதேஸ் நம் குலாப்ஜாமூனைவிட லேசு, வாயில் வைத்தால் வெளியே மொறுமொறு, உள்ளே காற்று. காபியில் இரண்டு வகை. குட்டிக் கோப்பையில் வண்டலோடு வரும் கிரேக்கக் காபி, நுரை ததும்பும் குளிர்ந்த ஃப்ராப்பே. ஃபில்டர் காபிக்குப் பழகிய நாக்குக்கு முதலாவதுதான். வண்டல் அடங்க இரண்டு நிமிஷம் விடுங்கள், கடைசி மிடறைக் குடிக்காதீர்கள். மாமனார் குடித்தார். அந்த முகத்தை நான் படம் எடுக்கவில்லை, அவ்வளவு மரியாதை இருக்கிறது.

கடற்கரைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஊரின் சின்ன சன்செட் பீச், அல்லது ஃபிரெட் ஹோவர்ட் பூங்கா. இரண்டாவதுக்கே என் வாக்கு. ஒரு மைல் நீளப் பாதை நீருக்கு நடுவே போய் ஒரு தீவு மணலில் முடிகிறது, மாலையில் அதில் நடப்பதே தனி சுகம். நீரில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள், மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும்.

ஜனவரி 6 வரலாமா?

திருக்காட்சிப் பெருநாள் (இயேசு திருமுழுக்குப் பெற்றதைக் கிரேக்கத் திருச்சபை கொண்டாடும் நாள்) அன்று ஸ்பிரிங் பாயூ குளத்தில் பேராயர் ஒரு வெள்ளைச் சிலுவையை எறிவார். 16 முதல் 18 வயது வரையுள்ள பையன்கள் அரை வட்டமாக நிறுத்திய படகுகளிலிருந்து பாய்ந்து அதைத் தேடுவார்கள், எடுத்தவனுக்கு வருஷம் முழுக்க அருள். நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. ஒரு முறை பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஆயிரக்கணக்கில் கூட்டம், அதிகாலையிலேயே போய் இடம்பிடித்து வெகு நேரம் நிற்க வேண்டும், பாய்ச்சலோ நிமிஷக் கணக்கில் முடிந்துவிடும். முழங்கால் வலிக்காரரை அழைத்துப் போகாதீர்கள். சாதாரணக் குளிர்கால நாளில் அதே குளக்கரையில் உட்கார்ந்தால் கடல்பசு மூச்சுவிட மேலே வருவதைப் பார்க்கலாம், பெஞ்சும் காலியாக இருக்கும். புயல் பருவத்தில் கிளம்புவதற்கு முன் நிலவரம் பார்த்துக்கொள்ளுங்கள். 2023 இடாலியா சூறாவளியின்போது படகுத்துறைப் பக்கம் கடல் ஊருக்குள் வந்துவிட்டது.

கடைசியில் பஞ்சு வாங்காமல் யாரும் கிளம்புவதில்லை. கம்பளி வகை, மஞ்சள் வகை என்று கூடை கூடையாக வைத்திருப்பார்கள். காய்ந்திருக்கும்போது இரண்டும் ரொட்டி மாதிரி விறைப்பாக, ஒன்றுபோலவே இருக்கும். கடைக்காரரிடம் கேட்டுத் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். கம்பளி வகை கைக்குள் மெத்தென்று உப்பும், பிழிந்தால் கிழியாது. விலை கூடுதல், குளிக்க அதுதான். மஞ்சள் கொஞ்சம் கரடு, பாத்திரம், கார் துடைக்கப் போதும். எங்கே பிடித்தது என்றும் கேட்டுவிடுங்கள், வெளியூர்ப் பஞ்சும் அதே கூடையில் கிடக்கும்.

மாமனார் கம்பளி வகையில் ஒன்றை எடுத்து, விலைச்சீட்டைப் பார்த்து, மனதுக்குள் ரூபாயில் பெருக்கி, கூடையிலேயே திரும்ப வைத்தார். காருக்குப் போகும் வழியில் பாதி தூரம் வந்து, "நீ இங்கயே இரு" என்று சொல்லிவிட்டு, அந்த முழங்காலோடு தனியாகத் திரும்பிப் போனார்.