ஏழு வருடம், 38,000 கிலோமீட்டர், பின்னால் மட்டும் போகாத வண்டி

நான் மாற்றுத்திறனாளி, இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். போன மாதம் அதன் இடது பக்கச் சக்கரத்தில் பேரிங் போய்விட்டது. மதுரையில் பழங்காநத்தம் தாண்டும்போதே கரகரவென்று சத்தம் வந்தது. எப்படியோ உருட்டிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். வண்டி இரண்டு நாள் அங்கே கிடந்தது. அந்த இரண்டு நாளும் வேலைக்கு ஆட்டோவில் போய் வந்தேன். அதே வாரத்தில்தான் திண்டுக்கல்லில் இருந்து ஒரு தங்கை போன் செய்தாள். விபத்தில் இரண்டு காலும் பலமிழந்தவள். வங்கித் தேர்வு எழுதித் தேறி, வேலைக்குச் சேரப் போகிறாள்.

"அண்ணே, வண்டி விலையெல்லாம் குறைஞ்சிருக்காமே, இப்ப வாங்கலாமா? இல்லன்னா உங்க வண்டியையே எனக்குக் கொடுத்துட்டு நீங்க புதுசு எடுத்துக்கங்களேன்."

விலை குறைந்தது உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. அவளிடம் போனில் ஏதோ அரைகுறையாகச் சொல்லி வைத்தேன். பிறகு யோசித்தால், சொல்ல வேண்டியதில் பாதியைக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது 110 சிசி பெட்ரோல் ஸ்கூட்டர். 2018இல் கூட்டுறவு வங்கிக் கடனில் வாங்கி, தனிப் பட்டறையில் இரண்டு பக்கமும் சக்கரம் பொருத்திக்கொண்டேன். எனக்கு இரண்டு வயதில் போலியோ. வலது கால் முழுவதும் போனது, இடது கால் பாதி. காலைத் தாங்கும் காலிப்பர் போட்டு, ஒற்றை ஊன்றுகோலில் நடப்பேன். இந்த வண்டிக்கு முன் பன்னிரண்டு வருடம் கையால் சுற்றும் மூன்று சக்கர சைக்கிள்தான். திருப்பரங்குன்றத்தில் இருந்து கீழமாசி வீதிப் பக்கம் வேலை. போக எட்டு, வர எட்டு கிலோமீட்டர். சைக்கிளில் போன நாட்களில் கடையில் போய் உட்கார்ந்ததும் ஒரு மணி நேரத்துக்குப் பேனா பிடிக்க வராது.

மைலேஜ் கேட்பவர்களுக்கு: 35க்கு மேல் ஒருநாளும் தந்ததில்லை. நான்கு சக்கரம் உருளும்போது அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம். டயர் மூன்று முறை மாற்றியிருக்கிறேன். வளைவில் வண்டியைச் சாய்க்க முடியாது, வேகத்தைக் குறைத்துத்தான் திரும்ப வேண்டும். பழகிய இருசக்கர வண்டி மாதிரி நினைத்துத் திருப்பினால் வெளிப்பக்கம் கவிழ்த்துவிடும். முதல் மாதத்தில் இதை மட்டும் பழகிக்கொண்டால் போதும். பக்கச் சக்கரத்துக்குத் தனியாக ஷாக் அப்சார்பர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இல்லாவிட்டால், இரண்டு பக்கமும் மேடாக, நடுவில் பள்ளமாக உள்ள இடத்தில் பக்கச் சக்கரங்கள் மேட்டில் உட்கார்ந்துவிடும். என்ஜின் சுற்றும் நடுச்சக்கரம் அந்தரத்தில் சும்மா சுற்றும், வண்டி நகராது. ஆர்சி புத்தகத்தில் மாற்றத்தைப் பதிவு செய்யாமல் ஓட்டாதீர்கள், இன்சூரன்ஸ் கேட்கும் நாளில் அது தெரியும். எனக்கு லைசென்ஸ் கொடுத்தபோது அதில் 'இன்வேலிட் கேரியேஜ்', அதாவது இயலாதவர் வண்டி என்றுதான் இருந்தது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் வைத்த பெயர் அது. 2019இல் சட்டத்தைத் திருத்தியபோது 'அடாப்டட் வெஹிகிள்', அதாவது மாற்றியமைத்த வண்டி என்று மாற்றினார்கள். அந்தப் பழைய சொல் போனதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

சரி, நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வண்டி வாங்கிய இரண்டாவது வாரம். வெயில் ஏறிய நேரம், பைபாஸ் பக்கம் ஒரு பெரியவர் கையில் துணிப்பையோடு ரோட்டோரம் நின்றார். என்னைப் பார்த்துக் கையைக் காட்டி, "தம்பி, பெரியார் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விட்டுருறியாப்பா?" என்றார். எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. அதுவரை என்னிடம் யாரும் லிஃப்ட் கேட்டதில்லை. என்னைத் தூக்கிவிட்டிருக்கிறார்கள், படியேற்றியிருக்கிறார்கள், ரோட்டைக் கடத்திவிட்டிருக்கிறார்கள். என்னால் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர முடியும் என்று ஒருவர் நினைத்துக் கை காட்டியது அன்றுதான். அவர் இறங்கும்போதுதான் ஊன்றுகோலைப் பார்த்தார். "அட, தெரியலப்பா" என்றார். தெரியாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அன்றிலிருந்து யார் கை காட்டினாலும் நிறுத்துவேன். பக்கச் சக்கரம் இருப்பதால் எவ்வளவு கனமானவர் ஏறினாலும் வண்டி ஆடாது.

இன்னொன்று, உயரம். சைக்கிளில் இருந்தபோது டீக்கடை பெஞ்சை விடத் தாழ்வாக இருப்பேன். பேசுகிறவர்கள் குனிந்து பேசுவார்கள், அல்லது என் தலைக்கு மேலே கூட வந்தவரிடம் பேசுவார்கள். ஸ்கூட்டரில் உட்கார்ந்தால் எல்லார் கண்ணும் என் கண்ணும் ஒரே மட்டம். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் வழி கேட்கிறார். என் மகளை ஐந்தாம் வகுப்பு வரை நானே பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டேன். இந்த வண்டி இல்லாவிட்டால் அது நடந்திருக்காது.

இவ்வளவையும் கொடுத்த வண்டிக்கு ரிவர்ஸ் கிடையாது.

கால் நன்றாக இருப்பவர்களுக்கு இதில் என்ன குறை என்று தோன்றாது. ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் ஊன்றி நான்கு எட்டு பின்னால் வைத்தால் வண்டி வந்துவிடும். அவர்கள் யோசிப்பதே இல்லை. என்னால் அதுதான் முடியாது. இறங்கித் தள்ளலாம் என்றால் அதற்கு இரண்டு கையும் வேண்டும், ஒரு கை ஊன்றுகோலுக்குப் போய்விடும். வண்டியின் அகலமோ 46 அங்குலம், டேப் வைத்து அளந்திருக்கிறேன். சின்னச் சந்தில் திருப்ப இடமிருக்காது. ஆகவே ஏழு வருடமாக, முன்னால் போவதற்கு யாரையும் கேட்பதில்லை. பின்னால் வருவதற்கு மட்டும் ஒவ்வொரு நாளும் யாரையாவது கேட்கிறேன். "தம்பி, கொஞ்சம் பின்னாடி இழுத்து விடுறீங்களா?" தினம் மூன்று தடவை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏழு வருடத்துக்கு எத்தனை ஆயிரம் தடவை வரும்?

கேட்டால் யாரும் மாட்டேன் என்பதில்லை. மதுரையில் அந்தக் குறை சொல்ல முடியாது. டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு ஓடி வருவார்கள். ஆனால் எங்கே பிடிப்பது என்று தெரியாது. பக்கச் சக்கரத்தின் மட்கார்டைப் பிடித்து இழுப்பார்கள், அது மூன்று முறை வளைந்துவிட்டது. சிலர் ஹேண்டில்பாரைப் பிடித்துத் திருப்பிவிடுவார்கள், என் கை மடங்கும். பிடிக்க வேண்டியது சீட்டுக்குப் பின்னால் உள்ள கம்பியை. நடுவில் பிடித்து, நான் சொன்ன பிறகு இழுத்தால் போதும். ஒருமுறை விளக்குத்தூண் பக்கம் ஒருவரை "சார், கொஞ்சம்" என்று கூப்பிட்டேன். முழுதாகக் கேட்பதற்குள் பத்து ரூபாயை எடுத்து முன்பெட்டியில் போட்டுவிட்டு நடந்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதற்காக நான் பழகிக்கொண்ட வித்தைகளைச் சொல்கிறேன், புதிதாக ஓட்டுபவர்களுக்கு உதவும். எங்கே நிறுத்தினாலும் வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து இருக்க வேண்டும். கிளம்பும்போது பிரேக்கை விட்டால் வண்டி தானாகப் பின்னால் உருளும். ஊரில் எந்தத் தெரு எந்தப் பக்கம் சரிகிறது என்பது எனக்கு மனப்பாடம். மழைத் தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்து வைத்துக்கொண்டது. கடை வாசலிலும் அப்படி ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறேன். வீட்டில் முதல் மூன்று வருடம் மனைவிதான் காலையில் வண்டியை வெளியே இழுத்து விடுவார். அவருக்கு முதுகு வலி வந்த பிறகு, கொத்தனாரைக் கூப்பிட்டு வாசல் தளத்தையே உள்பக்கம் உயர்த்திச் சரிவாகப் போட்டுவிட்டேன். மூன்று மூட்டை சிமென்ட் ஆனது. இரவு ஆக்சிலேட்டரை முறுக்கி ஏற்றி, பிரேக் கிளிப்பை மாட்டிவிடுவேன். காலையில் கிளிப்பை எடுத்தால் வண்டி மெதுவாக உருண்டு தெருவுக்கு வந்து நிற்கும். நான் இந்த வண்டிக்குச் செய்ததிலேயே சிறந்த செலவு அதுதான்.

ஆனால் ஊர் முழுக்கத் தளம் போட முடியாதே. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சான்றிதழ் விஷயமாக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். வாசலில் சக்கர நாற்காலிப் படம் வரைந்து 'மாற்றுத்திறனாளிகள் வாகனம் நிறுத்துமிடம்' என்று போர்டு இருந்தது. பார்த்ததும் மனது குளிர்ந்தது. அம்புக்குறியைப் பின்பற்றிப் போனால், மதில் சுவருக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவே ஒரு சந்து. அதன் கடைசியில்தான் எனக்கான இடம். நேராக உள்ளே போய்விட்டேன். வேலை முடிந்து வந்து பார்த்தால் பின்னால் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். திரும்ப இடமில்லை, தரை சமதளம், மூக்கு சுவரில். சாப்பாட்டு நேரம், ஆள் நடமாட்டமே இல்லை. வண்டி மேல் உட்கார்ந்தபடி வெயிலில் ஐம்பது நிமிடம் காத்திருந்தேன். கடைசியில் துப்புரவு வேலை செய்யும் ஓர் அம்மா பார்த்து, செக்யூரிட்டியைக் கூட்டி வந்தார்.

அந்தக் கட்டடத்தின் சாய்தளமும் அப்படித்தான். ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது விதி. அங்கே இரண்டடி உயரத்துக்கு ஒன்பது அடியில் முடித்திருந்தார்கள். மேலே போய்ச் சேர்ந்தால் கதவு இடிக்கிறது. சக்கர நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப 1500 மில்லிமீட்டர் இடம் வேண்டும், அது இல்லை. இதெல்லாம் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதியாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கட்டுகிறவர்கள் நாங்கள் உள்ளே போகும் படத்தை மட்டும் மனதில் வைத்துக் கட்டுகிறார்கள். வேலை முடிந்து நாங்களும் வீட்டுக்குத் திரும்பி வருவோம் என்ற நினைப்பே இல்லை. என் வண்டியைச் செய்தவர்களுக்கும் இல்லை.

ரிவர்ஸ் வைப்பது முடியாத காரியமா? 1988இலேயே ஹோண்டா கோல்டு விங் மோட்டார் சைக்கிளில், ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கொண்டே பின்னால் நகர வழி செய்துவிட்டார்கள். வண்டி கனமானது, ஓட்டுபவரால் காலால் தள்ள முடியாது என்பதுதான் காரணம். நம் ஊரில் ஏத்தர் 450, டிவிஎஸ் ஐக்யூப், பஜாஜ் சேத்தக் என்று மின்சார ஸ்கூட்டர்களில் ஒரு பட்டனை அழுத்தினால் வண்டி பின்னால் வருகிறது. மின் மோட்டாரை எதிர்ப்பக்கம் சுற்றச் சொன்னால் சுற்றிவிடும். பெட்ரோல் ஸ்கூட்டரில் பெல்ட்டும் கிளட்சும் ஒரே பக்கம்தான் சுற்றும், அது எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு காலும் தரையில் ஊன்றும் ஒருவருக்கு ரிவர்ஸ் பட்டன் வந்துவிட்டது, ஊன்ற முடியாத எனக்கு இன்னும் வரவில்லை என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

பேரிங் மாற்றியபோது பட்டறைக்காரரிடம் கேட்டேன். ரிவர்ஸோடு சேர்ந்த பக்கச் சக்கர கிட் இப்போது கிடைக்கிறதாம். "உங்களுக்கு அது சேராதுண்ணே. அப்ப நான் பிராக்கெட்டையே வெல்டு வச்சுட்டேன். அறுத்தா சேசிஸ் தாங்காது" என்றார். மின்சார ஸ்கூட்டரில் சக்கரம் மாட்டித் தரச் சொன்னால், பேட்டரி வாரண்டி போய்விடும் என்று தயங்குகிறார். நேர்மையான மனிதர். கோபப்பட்டும் பயனில்லை.

ஆகவே தங்கச்சி, உனக்குச் சொல்வது இது. விலை குறைந்திருக்கிறது என்று அவசரப்படாதே. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதலில் விண்ணப்பம் போடு, இரண்டு காலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இலவசமாகவே இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் தருகிறது. நீ சக்கர நாற்காலியில் இருப்பவள் என்பதால் சென்னை ஐஐடியில் உருவான நியோபோல்ட் என்ற மின்மோட்டார் இணைப்பையும் பார்த்துவிடு. நாற்காலிக்கு முன்னால் மாட்டி ஓட்டலாம், 25 கிலோமீட்டர் வேகம் போகும், கழற்றிவிட்டால் வெறும் நாற்காலி, எந்தத் திசையிலும் கையாலேயே உருட்டிக்கொள்ளலாம். எட்டு பத்து கிலோமீட்டருக்கு அது போதும். ஸ்கூட்டர்தான் வேண்டும் என்றால், ரிவர்ஸ் உள்ள கிட் இல்லாமல் வாங்காதே. பட்டறைக்காரர் "அதெல்லாம் தேவைப்படாதும்மா, யாராவது இழுத்து விடுவாங்க" என்பார். வண்டியில் ஏறி உட்கார்ந்து, அவர் கண் முன்னால் நீயே பின்னால் ஓட்டிப் பார்த்த பிறகு பணத்தைக் கொடு. இப்போது என் வண்டி இருக்கும் நிலையில் யார் கேட்டாலும் வாங்காதே என்றுதான் சொல்வேன்.

அப்புறம், என் வண்டியைக் கேட்டாயே. அதைத் தரமாட்டேம்மா. நாளைக் காலை எட்டே முக்காலுக்கு அது எனக்கு வேண்டும்.