ஏ9 ரோட்டுச் சாப்பாட்டுக்கடை: சோத்துக்கு நாலு ஸ்டார், பில்லுக்கு ரெண்டு

கிளிநொச்சியில ஏ9 ரோட்டுக் கரையில இருக்கிற கடை, பேர் போடேல்ல, ஏனெண்டு வாசிச்சா விளங்கும். கிழமையில மூண்டு நாள் மத்தியானம் நான் அங்கதான். போன ஞாயிறு ஜெனீவாவில இருந்து வந்து நிக்கிற அத்தானையும் கூட்டிக்கொண்டு போனன்.

சிவப்பரிசிச் சோறு, காலமை முல்லைத்தீவில இருந்து வாற மீன், பருப்பு, கத்தரிக்காய், பொரிச்ச மிளகாய், கடைசியா ஒரு கிளாஸ் ரசம். மீன் குழம்பில பழப்புளி கொஞ்சம் தூக்கலா இருக்கும், எனக்கு அதுதான் பிடிப்பு. ஆனா கடையின்ர கெட்டித்தனம் முருங்கையிலை வறைதான், தேங்காய்ப்பூ உதிரி உதிரியா நிக்கும், இலை கறுக்காது. பன்னிரண்டரைக்குப் பிறகு போனா வறை முடிஞ்சிடும், பதிலுக்குக் கோவா வைப்பினம், அது சும்மா தண்ணியில அவிச்சது.

மீன் சோறு 600 ரூபா. அத்தானுக்கு நம்பேலாமக் கிடக்கு, "இது அங்க 25 பிராங்குக்குக் குறையாதடா" எண்டார், பிராங்கை 350 எண்டு பாத்தாலும் கிட்டத்தட்ட 8750 ரூபா. எக்கொனொமிஸ்ட் சஞ்சிகைக் குழுமத்தின்ர ஈஐயு எண்ட ஆய்வு நிறுவனம் விட்ட, உலகத்தில விலைவாசி கூடின நகரங்களின்ர பட்டியலில 2023 இல சிங்கப்பூரும் சூரிச்சும் முதலாம் இடம், ஜெனீவாவும் நியூயோர்க்கும் மூண்டாம் இடம். நியூயோர்க்கை 100 எண்டு வச்சு மற்ற ஊரெல்லாம் அளக்கிறது, கொம்பனியள் வெளிநாட்டுக்கு அனுப்புற ஆக்களுக்கு எவ்வளவு படி குடுக்கலாமெண்டு பாக்கத்தான் அது. அப்ப அது அத்தான் மாதிரி வந்து போற ஆக்களின்ர கணக்கு, பக்கத்து மேசையில இருந்து சாப்பிட்ட மேசன் வேலைக்காரப் பெடியன்ர கணக்கில்லை.

ஜெனீவாவில 2020 இல வாக்கெடுப்பு வச்சு மணித்தியாலத்துக்கு ஆகக்குறைஞ்சது 23 பிராங் சம்பளம் எண்டு கொண்டு வந்தவை, இப்ப இன்னும் கூட. அங்க கோப்பை கழுவுறவர் ஒரு மணித்தியாலம் நிண்டா ஒரு மத்தியானச் சாப்பாடு. இங்க நாள் கூலி 2500 எடுக்கிற பெடியன் அதே சோத்துக்கு ரெண்டு மணித்தியாலம் வெயிலுக்க நிக்கோணும். அங்க ஆளை விழுங்குறது வாடகையும் ஹெல்த் இன்சூரன்சும்தான், அதால அத்தான் போடர் தாண்டிப் பிரான்சில போய் இறைச்சி வாங்கிறவராம், அதுவும் ஆளுக்கு ஒரு கிலோவுக்கு மேல கொண்டு வந்தா வரி கட்டோணும்.

2022 இல நாட்டில பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போன நேரம் இந்தக் கடையும் மாதத்துக்கு மாதம் விலை கூட்டினது, பிறகு ஏறுற வேகம்தான் குறைஞ்சுது, ஏறினது இறங்கேல்ல. அதைக் குறை சொல்ல மாட்டன், காஸும் தேங்காயும் விக்கிற விலைக்கு அவையும் என்ன செய்யிறது.

குறை சொல்ல வேண்டியது வேற. நான் கை கழுவிக்கொண்டு வாறதுக்குள்ள அத்தான் காசு குடுத்திட்டார், ரெண்டு சோத்துக்கு 1600. போய்க் கேட்டன். முதலாளி சிரிச்சுக்கொண்டு "அவர் வெளியில எண்டு நினைச்சிட்டன் அண்ணை" எண்டு 400 ஐத் திருப்பித் தந்தார். அத்தான் அதை அப்பிடியே பரிமாறின பெடியன்ர பொக்கற்றில வச்சிட்டார், எனக்கு வந்த கோவம், இப்பிடிச் செய்தா நாளைக்கு எனக்கும் 800 எண்டுதானே சொல்லுவினம்.

ஒரு விலைப்பலகை எழுதித் தொங்கவிட்டா முழு ஸ்டாரும் போடுவன். கை கழுவுற இடத்தில சவர்க்காரமும் இல்லை, அதையும் பாருங்கோ.