திரும்பப் பெற்ற வழக்கை மீண்டும் தொடுக்கலாமா? பிரிட்டன் தொழில் தீர்ப்பாயத்தில் மூன்று வழிகள்

வட அயர்லாந்து நீங்கலான பிரிட்டனில், பணியாளருக்கும் முதலாளிக்கும் இடையிலான வழக்குகளை விசாரிக்கும் தொழில் தீர்ப்பாயத்தில் (Employment Tribunal) தொடுத்த வழக்கை முடித்துக்கொள்ள, “என் வழக்கைத் திரும்பப் பெறுகிறேன்” என்ற ஒரு வரி மின்னஞ்சல் போதும். மறுநாள் மனம் மாறினாலும் அந்த வரியை ரத்துசெய்ய முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006இல் தெளிவாக்கிவிட்டது. ஆனால் புதிதாக வழக்குத் தொடுக்கும் உரிமையைப் பறிப்பது அந்த மின்னஞ்சல் அன்று. அதைத் தொடர்ந்து தீர்ப்பாயம் பிறப்பிக்கும் தள்ளுபடித் தீர்ப்பே.

நிபந்தனை எதுவும் இல்லாமல் திரும்பப் பெறுவது முதல் வழி. தீர்ப்பாயத்தின் 2013ஆம் ஆண்டு நடைமுறை விதிகளில் 52ஆம் விதிப்படி, திரும்பப் பெற்ற வழக்கைத் தள்ளுபடி செய்வதே பொதுநிலையாக இருந்தது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளும் இதை மாற்றவில்லை. இதன் கடுமையை 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் காணலாம். பகுதிநேர ஆசிரியை ஒருவர், தமது வேலைநேரம் சட்டம் கோரிய அளவுக்கு இல்லை என்று கருதி, ஆட்குறைப்பு இழப்பீட்டுக் கோரிக்கையைக் கைவிட்டார். அந்த வேலைநேர நிபந்தனையே செல்லாது என்று 1994இல், அப்போது நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்பளித்த பிறகு அவர் மீண்டும் வந்தபோது, பழைய தள்ளுபடி குறுக்கே நின்றது.

திரும்பப் பெறும்போதே மறுவழக்கு உரிமையைத் தக்கவைத்துக்கொள்வது இரண்டாம் வழி. விருப்பத்தைச் சொன்னால் மட்டும் போதாது, நியாயமான காரணமும் வேண்டும். ஒப்பந்த மீறலுக்குத் தீர்ப்பாயம் வழங்கக்கூடிய உச்சத் தொகை 25,000 பவுண்டு. இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்தில் அந்த உச்சவரம்பும் இல்லை, வழக்கிட ஆறு ஆண்டு அவகாசமும் உண்டு. அங்கே போவதற்காகத் திரும்பப் பெறுவது வலுவான காரணம். 2006இல் முடிந்த இன்னொரு வழக்கில் மனுதாரர், உயர் நீதிமன்றம் செல்லும் உரிமை தமக்கு உண்டு என்று மனுவிலேயே எழுதியிருந்தும், திரும்பப் பெறாமல் தீர்ப்பாயத்திலேயே வென்றார். இழப்பு 80,000 பவுண்டுக்கும் மேல் என்று கணக்கிடப்பட்டும் அவருக்குக் கிடைத்தது 25,000தான். எஞ்சியதை உயர் நீதிமன்றத்தில் கேட்க முடியாமல் போயிற்று. வென்றதே வினையாயிற்று!

நியாயமற்ற பணிநீக்கத்துக்கோ இந்த வழி அவ்வளவாக உதவாது. அந்தக் கோரிக்கையைக் கேட்கும் இடம் தீர்ப்பாயம் ஒன்றே. உரிமையைத் தக்கவைத்தாலும், வழக்குத் தொடுப்பதற்கான குறுகிய கால வரம்பு அதற்குள் கடந்திருக்கும். உரிய காலத்தில் தொடுப்பது நடைமுறையில் இயலாததாக இருந்தது என்று மெய்ப்பிப்பது, ஏற்கெனவே ஒருமுறை தொடுத்தவருக்கு எளிதன்று.

ஆகவே நோய், நிலுவையிலுள்ள வேறு வழக்கு போன்றவை காரணமென்றால், திரும்பப் பெறாமல் விசாரணையை நிறுத்திவைக்கக் கோரும் மூன்றாம் வழியையே நான் பரிந்துரைப்பேன். நீதிபதி மறுக்கலாம், மறுத்தாலும் வழக்கு உயிரோடு இருக்கும், முதல் மனு அளித்த தேதியும் கைவிட்டுப் போகாது. அதன் பிறகும் திரும்பப் பெறத்தான் வேண்டுமென்றால், உரிமையைத் தக்கவைக்கும் வாக்கியமும் அதற்கான காரணமும் அந்த முதல் மின்னஞ்சலிலேயே இருக்க வேண்டும்.