கேபின் கூரையை மூடும் முன் உள்ளே இருக்கும் பலகையைக் கண்ணால் பாருங்கள்

ராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் ஊரில் எனக்கு ஒரு சிறிய ஃபைபர் விசைப்படகு இருக்கிறது. கடந்த மீன்பிடித் தடைக்காலத்தில் அதன் கேபின் கூரையைப் பழுதுபார்க்கக் கொடுத்து 38,000 ரூபாயை இழந்தேன். பணம் போனதைக்கூட ஆற்றிக்கொள்வேன். அந்தக் கூரையில் ஏறிய பையனின் காலை நினைத்தால்தான் ஆத்திரம் அடங்கவில்லை.

கூரை முழுக்க ஃபைபர் அல்ல. மேலே ஒரு ஃபைபர் தகடு, கீழே ஒன்று, நடுவில் பிளைவுட். எடை கூடாமல் விறைப்பாக நிற்பதற்காக இப்படிக் கட்டுகிறார்கள். நடுப்பலகை இற்றுவிட்டால் பார்வைக்கு எதுவும் தெரியாது, மிதித்தால்தான் தொய்யும். என் படகில் விளக்குக் கம்பத்தின் அடியில் தொய்ந்தது. ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடத்தில் கணீரென்று கேட்டது. கம்பத்தைச் சுற்றி ஒரு முழத்துக்குச் சொத்தென்று அடங்கியது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளுக்குள் எல்லாப் படகுக்கும் வேலை நடக்க வேண்டும், ஆள் கிடைப்பது அரிது. கிடைத்தவர், "கீழிருந்து உள்தகட்டை அறுத்து, இற்றதை எடுத்துவிட்டு, ஐ.எஸ். 710 தர முத்திரை போட்ட, தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட் வைக்கிறேன் அண்ணே. மேல் பெயிண்ட் கெடாது" என்றார். கீழிருந்து செய்வது தவறான முறை அல்ல. ஆனால் ஃபைபரை ஒட்டும் ரெசின் பசை ஒழுகும், பலகைக்கு முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும், ஈரம் காய நாளாகும். அவர் நான்கே நாளில் முடித்தார். அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்காக அந்த நான்கு நாளும் நான் மதுரையில் இருந்தேன். வந்து பார்த்தால் உள்கூரை பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. முழுத் தொகையையும் கொடுத்தேன். பழைய பலகை எங்கே என்றதற்கு, எரித்துவிட்டதாகச் சொன்னார். ஊறிக் கிடந்த பலகை எப்படி எரிந்தது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

ஐப்பசி மழையில் ஜிபிஎஸ் பெட்டியின் மேல் தேநீர் நிறத்தில் தண்ணீர் சொட்டியது. விளக்கைச் சரிசெய்ய ஏறிய பையனுக்குக் கால் கணுக்கால் வரை உள்ளே இறங்கிவிட்டது. உடைந்த ஃபைபர் விளிம்பு கண்ணாடிபோல் அறுத்ததில் ஏழு தையல். படகு கரையில் கட்டிக் கிடந்தது. கடலில், வாடைக்காற்றில் இது நடந்திருந்தால் அவனுடைய தாய்க்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

தங்கச்சிமடத்திலிருந்து வேறொரு மேஸ்திரியை அழைத்துவந்து, என் கண் முன்னே அறுக்கச் சொன்னேன். பழைய பலகை அங்கேயே இருந்தது, கறுத்து, ஊறிய காப்பித்தூள்போல. உள்தகட்டில் வரிசையாகத் துளையிட்டு, ரெசினை ஊற்றி, பட்டி பூசி, பெயிண்ட் அடித்திருக்கிறார் முதல் ஆள். ஈர மரத்தில் ரெசின் பிடிக்காது. ஒவ்வொரு துளை வாயிலும் அது கட்டியாக நின்றிருந்தது.

முதல் ஆளைத் தொலைபேசியில் கேட்டேன். "கடல் தண்ணீர் பட்டால் மரம் இற்றத்தான் செய்யும்" என்றார். அதுவும் பொய். மரத்தை இற்றுப்போகச் செய்வது பூஞ்சை, உப்பு அதை எளிதில் வளரவிடாது. தளத்தில் மழைத்தண்ணீரைத் தேங்க விடாதே, கடல் தண்ணீரை அள்ளி ஊற்று என்று என் தாத்தா சொல்லுவார். எங்கள் கூரையைக் கெடுத்தது கம்பத்தின் நான்கு திருகாணித் துளை வழியே இறங்கிய மழைத்தண்ணீர்.

இரண்டாவது மேஸ்திரி மேல்தகட்டை அறுத்து, உலர்ந்த மரம் தட்டுப்படும் வரை சுரண்டி, தார்ப்பாய்க் கூடாரத்தில் பதினொரு நாள் காயவைத்தார். புதிய பலகையை நான் முத்திரை பார்த்த பிறகே ஒட்டினார். திருகாணி வரும் இடங்களில் அகலமாகத் துளைத்து, மரத்தைக் குடைந்தெடுத்து, பொடி கலந்த எபாக்சிப் பசையால் அடைத்து, அது இறுகியதும் நடுவில் சிறிய துளை போட்டார். இனித் திருகாணி வழியே தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது. முதல் ஆளின் பேச்சில் இந்தத் துளைகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

கூரையைத் திறந்ததும் ஒரு பங்கு, பலகை ஒட்டியதைப் பார்த்த பின் ஒரு பங்கு, மழை ஒன்று கண்ட பின் மீதி என்று பேசுங்கள். சம்மதிக்காதவரிடம் படகை விடாதீர்கள். அறுத்தெடுத்த கறுப்புப் பலகையை ஒரு சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். உங்கள் கூரையில் சந்தேகம் இருந்தால் வந்து, கையால் பிசைந்து பார்த்துவிட்டுப் போங்கள்.