காலேஜ் பஸ், காசிமேடு – மீஞ்சூர் ரூட்: 5க்கு 3

அட்மிஷன் சீசனில் எங்கள் பல்கலைக்கழகத்தைப் பற்றி விசாரிக்கிறவர்கள் லேப் எப்படி, பிளேஸ்மென்ட் எப்படி, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி என்றுதான் கேட்கிறார்கள். பஸ் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. வடசென்னையில் ராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வந்து போகிற பிள்ளைக்கு ஒரு நாளில் மூன்று மணி நேரம் கிட்ட அந்த பஸ்ஸில்தான் போகிறது, எந்த லேபிலும் அவ்வளவு நேரம் உட்கார விடமாட்டார்கள். அதனால் இந்த ரிவியூ பஸ்ஸுக்கு மட்டும். நான் இங்கேயே படித்து, இங்கேயே தேர்வுப் பிரிவில் வேலைக்கும் சேர்ந்துவிட்டதால் பின் சீட்டும் தெரியும், முன் சீட்டும் தெரியும். பெயரெல்லாம் வேண்டாம், மீஞ்சூர் தாண்டி இருக்கிற ஒரு சின்ன நிகர்நிலைப் பல்கலைக்கழகம், அவ்வளவு போதும்.

காலை 6.55க்குக் காசிமேட்டில் எடுப்பார்கள். தண்டையார்பேட்டை, டோல்கேட், திருவொற்றியூர் தேரடி, அங்கிருந்து மணலி, மணலி புதுநகர், வல்லூர், மீஞ்சூர். இந்தச் சாலையில் போனவர்களுக்கு மேலே சொல்ல ஒன்றுமில்லை. போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகிற கன்டெய்னர் ட்ரெய்லர்கள், மணலி ரிஃபைனரிக்கு வருகிற டேங்கர்கள், அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரிகள் எல்லாம் இந்தப் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு ட்ரெய்லர் நடுரோட்டில் நின்றால் முதல் ஹவர் போச்சு. ஏசி கிடையாது. ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். மணலி வந்ததும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து எல்லோரும் ஒரே நேரத்தில் கண்ணாடியை இழுத்து மூடுவார்கள், அதற்கு யாரும் குரல் கொடுக்க வேண்டியதே இல்லை.

பஸ் கட்டணம் வருடத்துக்கு 32,000, டியூஷன் ஃபீஸ் கட்டும்போதே அதையும் முழுசாகக் கட்ட வேண்டும். நிகர்நிலை என்பதால் அரசு கவுன்சலிங் வழியாக யாரும் வருவதில்லை, அதனால் முதல் பட்டதாரி சலுகையும் இல்லை. எங்கள் பஸ்ஸில் பாதிப் பேர் வீட்டில் முதல் முதலாகக் காலேஜுக்குப் போகிறவர்கள், அவர்களுக்கு இந்த 32,000 என்பது சின்னத் தொகை இல்லை. சேரும்போது பஸ் கட்டாயமில்லை என்பார்கள், உண்மைதான். ஆனால் நடுவில் வேண்டாம் என்றால் ஒரு பைசா திரும்பி வராது.

ரயில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, திருவொற்றியூரிலோ விம்கோ நகரிலோ கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்தால் கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர் என்று பஸ்ஸில் ஆகிற நேரத்தில் பாதியில் போய்விடலாம், மாணவர் சலுகையில் சீசன் டிக்கெட் எடுத்தால் வருடச் செலவு பஸ் கட்டணத்துக்குப் பக்கத்தில்கூட வராது, மீஞ்சூரில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்குக் கொடுப்பதைச் சேர்த்தாலும் மிச்சம்தான். விலையை மட்டும் பார்த்தால் பஸ்ஸுக்குப் பணம் கட்டுகிறவன் பைத்தியக்காரன். ஆனாலும் கட்டுகிறார்கள், காரணம் இருக்கிறது.

பஸ் லேட்டானால் நீங்கள் லேட் இல்லை. இதுதான் அந்த 32,000 ரூபாய்க்குக் கிடைக்கிற பொருள். ட்ரெய்லர் நின்று பஸ் பத்து மணிக்கு வந்து சேர்ந்தாலும் பஸ் இன்சார்ஜ் சார் ஒரு பேப்பரில் ரூட் நம்பரும் வந்த நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டு எல்லா எச்ஓடிக்கும் (துறைத் தலைவர்களுக்கு) அனுப்பிவிடுவார், பஸ்ஸில் வந்த எல்லோருக்கும் அட்டெண்டன்ஸ் உண்டு. அதே நாளில் பின்னால் வந்த எக்ஸ்பிரசுக்கு வழி விட்டு லோக்கலை அத்திப்பட்டில் நிறுத்தி வைத்தார்கள் என்று நீங்கள் வாசலில் நின்று சொல்லிப் பாருங்கள், செக்யூரிட்டி அண்ணனே சிரிப்பார். ஊழியர்களுக்கும் இதே கதைதான்: பயோமெட்ரிக்கில் மூன்று லேட் விழுந்தால் அரை நாள் லீவ் போய்விடும், பஸ்ஸில் வந்தால் விழாது. ஹால் டிக்கெட் சமயத்தில் 75 சதவீதம் அட்டெண்டன்ஸ் இல்லாதவர்களின் பட்டியல் என் மேஜைக்கு வரும். அதில் ரயிலில் வருகிற பிள்ளைகளைத் தனியாகவே கண்டுபிடித்துவிடலாம், மற்ற எல்லாப் பாடத்திலும் அட்டெண்டன்ஸ் நன்றாக இருக்கும், முதல் ஹவரில் வருகிற பாடத்தில் மட்டும் குறையும். அப்புறம் கண்டோனேஷன் ஃபீஸ், அதாவது அட்டெண்டன்ஸ் குறைவைப் பொறுத்துக்கொள்ளக் கட்டுகிற பணம். ரயிலில் மிச்சம் பிடித்த காசில் கொஞ்சம் அங்கே போகும்.

இப்போது உள்ளே. முன்னால் இரண்டு வரிசை ஊழியர்களுக்கு, அப்புறம் பெண்கள், கடைசியில் பையன்கள். ஆபீஸில் யாரும் இதை எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் மாறாது. சின்ன இடம் என்பதால் ஒரே பஸ்ஸில் காமர்ஸ், கணினி, பயோடெக் எல்லோரும் வருவார்கள், சீனியரின் பழைய ரெக்கார்டு நோட்டு கை மாறுவதும், எந்த வாத்தியார் இன்டர்னல் மார்க்கில் கைவைப்பார் என்று தெரிந்துகொள்வதும் இங்கேதான். முன் சீட்டில் உட்காரும் இளம் உதவிப் பேராசிரியர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் வகுப்பில் நிற்கிற அந்த விறைப்பான ஆட்களா இவர்கள் என்று இருக்கும். ஏப்ரல் வந்தால் பள்ளி பள்ளியாகப் போய் ஆள் பிடிக்க வேண்டும், ஆளுக்கு இத்தனை அட்மிஷன் என்று கணக்கு. வேறு வேலை கிடைத்தாலும் உடனே போக முடியாது, அசல் சான்றிதழ்கள் ஆபீஸ் பீரோவில் இருக்கும். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018லேயே சொல்லியாகிவிட்டது, வாத்தியார்கள் விஷயத்தில் இன்னும் பல இடங்களில் பூட்டுச் சாவிதான். இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு வருகிற மூன்றாம் வருடப் பிள்ளை அதே சாரிடம் வகுப்பில் கொஞ்சம் மரியாதையாகவே நடந்துகொள்கிறது, இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பின் சீட்டில் கானா. பஸ்ஸில் பாட்டுப் பாடக் கூடாது என்று சர்க்குலர் இருக்கிறது, மணலி தாண்டும் வரை அதை மதிப்பார்கள். காசிமேட்டுப் பசங்களின் டிபன் பாக்ஸில் மீன் என்ன என்பது வல்லூருக்குள் மொத்த பஸ்ஸுக்கும் தெரிந்துவிடும்.

இரண்டு ஸ்டார் எங்கே போனது? சாயங்காலத்தில் போனது. 3.50க்கு வண்டி கிளம்பிவிடும். லைப்ரரி ஆறு மணி வரை, பிளேஸ்மென்ட் டிரெயினிங் நாலு மணிக்கு மேல், கபடி, கோடிங் கிளப், கல்ச்சுரல்ஸ் ஒத்திகை எல்லாமே அதற்கப்புறம்தான். லேட் பஸ் என்று ஒன்று 5.45க்கு உண்டு, ஆனால் மீஞ்சூர் ஸ்டேஷனோடு சரி, அங்கிருந்து உங்கள் பாடு. இருட்டிய பிறகு அங்கிருந்து மாறி மாறி காசிமேடு வரைக்கும் பெண்ணை வரவிட எத்தனை வீட்டில் சம்மதிப்பார்கள்? அதனால் எந்தக் கிளப்பை எடுத்தாலும் செக்ரட்டரி ஹாஸ்டல் பிள்ளையாகவே இருக்கும். பஸ்ஸில் வருகிறவர்களும் டியூஷன் ஃபீஸ் அதேதான் கட்டுகிறார்கள், அவர்களுக்குக் காலேஜ் 3.50க்கு முடிந்துவிடுகிறது. லேட் பஸ்ஸைத் தேரடி வரை நீட்டுங்கள் என்று பிள்ளைகள் மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், டீசல் செலவு என்பதுதான் எப்போதும் பதில்.

டிரைவர் அண்ணனுக்கு மட்டும் 5க்கு 5. மிக்ஜாம் புயலுக்கு அப்புறம், 2023 டிசம்பரில், காலேஜ் திறந்தும் மணலி புதுநகர் பக்கம் சரியாகாத நாட்களில் செங்குன்றம் சுற்றி எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார், யாரையும் வழியில் இறக்கி ஆட்டோவில் போகச் சொல்லவில்லை. காலையில் வண்டியை நிறுத்திய பிறகு அவருக்கு ஓய்வு என்று நினைத்துவிடாதீர்கள், மதியம் செடிக்குத் தண்ணீர் விடுவதிலிருந்து விடைத்தாள் கட்டுத் தூக்குவது வரை அவர்தான். எங்கள் பிரிவுக்கு வந்து மூட்டை இறக்கிவிட்டு மறுபடி ஸ்டியரிங் பிடிக்கப் போகிறவரைப் பார்த்தால், நாற்பது ஐம்பது பேரை ட்ரெய்லர்களுக்கு நடுவே ஓட்டிப் போகிற ஆளுக்கு மதியம் ஒரு மணி நேரம் கண்ணயர விட்டால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றும்.

ஆக, மணலி, மாத்தூர் பக்கம் வீடு என்றால் யோசிக்காமல் பஸ்ஸுக்குக் கட்டுங்கள், உங்களுக்கு ரயில் பக்கத்தில் இல்லை. திருவொற்றியூர், விம்கோ நகரில் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரம் என்றால் முதல் வருடம் பஸ், அடுத்த வருடம் டைம் டேபிள் பார்த்து முடிவு செய்யுங்கள், முதல் ஹவரில் கறாரான ஆள் இருந்தால் பஸ்ஸிலேயே இருங்கள். தண்டையார்பேட்டைக்குத் தெற்கே இருப்பவர்கள் மெட்ரோவில் தேரடி வரை வந்து ஏறினால் காலையில் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கலாம், ஆனால் பஸ் கட்டணத்தில் குறைக்க மாட்டார்கள்.

மாசித் திருவிழா சமயத்தில் தேரடியில் வண்டி நிற்காது, டோல்கேட்டுக்குப் போய் நிற்க வேண்டும். ஆபீஸ் இதைச் சொல்லாது, டிரைவர் அண்ணனின் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வரும், சேர்ந்த அன்றைக்கே நம்பரைக் கொடுத்துவிடுங்கள். அட்டையில் தேரடி 7.20 என்று போட்டிருக்கும், நீங்கள் 7.10க்கே நில்லுங்கள்.